புஷ்பராணியின் வயிறு

யூலிற்றாவுக்கு எதையும் அவிழ்த்துப் பார்க்காவிட்டால் மனம் ஆறாது. பன்னிரண்டு வயதில், முல்லைத்தீவுக் கரையில் கன்னியர்மடத்துத் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டிருந்த, பங்குச் சுவாமியின் அங்கியை ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து தையல் தையலாகப் பிரித்துவிட்டாள். கழுத்துப்பட்டி எப்படி அப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று அறிய வேண்டுமாம். உள்ளே ஒரு மட்டைத் துண்டு இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுவாமி பழைய அங்கியோடு பூசை வைத்தார். யூலிற்றா பூசை முடியும்வரை முழங்காலில் நின்றாள். அதற்குப் பிறகாவது அவளுக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. கலியாணம் முடித்த கிழமையே புருஷன் கொன்ஸ்ரன்ரைனின் றேடியோவைக் கழற்றினாள். திரும்பப் பூட்டவும் பூட்டினாள். ஒரு ஆணி மிஞ்சியது, ஆனால் றேடியோ பாடியது. மிஞ்சின ஆணியைக் கொன்ஸ்ரன்ரைன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிச் சிரித்தான்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு கரையை விட்டு எழும்பிய குடும்பம் அது. எட்டு வருடத்தில் நாலு இடம் மாறி, தொண்ணூற்றெட்டில் நந்திக்கடலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தது. கொன்ஸ்ரன்ரைன் களப்பில் வலை போட்டான். நாற்பத்தாறு வயது யூலிற்றா ஆஸ்பத்திரியில் தையல்காரி. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இடம்பெயர்ந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் குந்திய ஆஸ்பத்திரி. ஆறாம் வகுப்பு ஒப்பரேசன் தியேட்டர், ஏழாம் வகுப்பு பிரசவ அறை. ஒப்பரேசனுக்கு விரிக்கும் பச்சைச் சீலைகளுக்கு ஒட்டுப் போடுவதும், பழைய வேட்டிகளைக் கிழித்துப் புண்கட்டும் சீலையாகச் சுருட்டுவதும், முகமூடிக்கு நாடா வைப்பதும் அவள் வேலை. வேலை செய்தபடியே அந்தப் பச்சைச் சீலைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று வருகிற தாதிமாரையெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்பாள். அவர்களும் வாய் வலித்துப் போய், "யூலிற்றாக்கா, நீங்களே ஒருக்கா உள்ளை வந்து படுங்கோவன்" என்பார்கள்.

தூக்கி எறிதல் என்ற சொல்லையே வன்னி மறந்திருந்த காலம் அது. பொருள்களுக்குத் தடை. சவர்க்காரம் வராது, பற்றரி வராது, மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். வெறும் சேலைன் போத்தில் தண்ணீர்ப் போத்தில் ஆகும், அது ஓட்டையானால் புனல் ஆகும். செருப்பின் வார் அறுந்தால் கம்பியால் கட்டுவார்கள், கம்பி அறுந்தால் வேறு கம்பியால் கட்டுவார்கள். ஒரு பொருளை எத்தனை தரம் பாவித்தோம் என்பதுதான் அப்போது கெட்டித்தனத்துக்கு அளவு. அந்தக் கெட்டித்தனத்தில் யூலிற்றாவை வெல்ல ஆள் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த வருடம் வைகாசியில் அவளுடைய ஒரே மகள் ஆன்சலா ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. இருபத்திரண்டு வயது, நாலரை அடிக்குச் சற்றே மேல். சத்திரசிகிச்சை நிபுணர் மயில்வாகனம் அவளைப் பார்த்துவிட்டு யூலிற்றாவைக் கூப்பிட்டார். பென்சன் எடுத்த பிறகும் வன்னிக்குத் திரும்பி வந்த மனிதர். சுற்றுவட்டாரத்தில் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆன்சலாவின் இடுப்பெலும்பு ஒடுக்கம், பிள்ளை தானாக வராது, புரட்டாதியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். யூலிற்றா தலையாட்டினாள். வெட்ட நான் இருக்க மாட்டேன் என்று அடுத்துச் சொன்னார். அவருடைய இருதயம் பழுதாகியிருந்தது. ஆவணி முடிவில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போகிறார், எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

அவருக்குப் பிறகு இருப்பது உதவி வைத்திய அதிகாரி இரஞ்சிதம் மட்டும். முப்பத்தொரு வயது. முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் நெல் விதைக்கும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. எட்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறாள், காயங்களுக்குத் தையல் போடுகிறாள், ஆனால் வயிற்றில் கத்தி வைத்ததில்லை. ஆவணிக்குள் அவளைப் பழக்கிவிட வேண்டும். பக்கத்தில் நின்று பார்ப்பதால் கை பழகாது, எடுத்த எடுப்பில் தாய்மாரில் பழக்கவும் கூடாது. தான் இங்கிலாந்தில் படித்த காலத்தில் மாணவர்கள் வெட்டிப் பழக றப்பர் வயிறு ஒன்று அலுமாரிக்குள் இருந்தது என்று சொன்ன மயில்வாகனம், மேசையில் கிடந்த பச்சைச் சீலையைத் தொட்டுக் காட்டினார்.

"யூலிற்றா, எனக்கு ஒரு வயிறு தைச்சுத் தருவியளோ?"

வேறு யாராக இருந்தாலும் இதென்ன கூத்து என்று கேட்டிருப்பார்கள். யூலிற்றாவின் கண்கள் விரிந்தன.

"எத்தினை அடுக்கு ஐயா?"

ஏழு அடுக்கு என்று அவர் விரல் மடித்து எண்ணினார். தோல், கொழுப்பு, வெள்ளையான ஒரு கெட்டி உறை, தசை, உள்ளே மெல்லிய படலம், கருப்பை, அதற்குள் பனிக்குடம். அவள் ஒவ்வொன்றுக்கும் நிறம் கேட்டாள், தடிப்புக் கேட்டாள், இழுத்தால் நீளுமா கிழியுமா என்று கேட்டாள். இவ்வளவு வருடமாகத் தன் மாணவர்கள் கேட்காததையெல்லாம் இந்த மனுசி கேட்கிறாளே என்று அவருக்கு வியப்பு. அன்று மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

எரிந்துபோன பஸ் ஒன்றின் சீற்றுறை தோல் ஆனது, அதே சீற்றின் பஞ்சு கொழுப்பானது. பாய்மரச் சீலை கெட்டி உறை. சைக்கிள் ரியூப்பைக் கீலங்கீலமாக வெட்டித் தசை. மெல்லிய பொலித்தீன் பை உள்படலம், இன்னொரு பை பனிக்குடம். பிள்ளைக்கு ஒரு துணிப் பொம்மை. ஆறு இறாத்தல் வரும்வரை அதற்குள் மணல் நிரப்பி, தலையை மட்டும் இறுக்கித் தைத்தாள். இரத்தத்துக்கு என்ன செய்வது என்று மயில்வாகனம் யோசிக்க, யூலிற்றாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. சந்தையில் வாங்கிய சிவப்புச் சீலை ஒன்று முதல் தோய்ச்சலிலேயே சாயம் விட்டு அவளுடைய வெள்ளைச் சட்டைகளையெல்லாம் நாசமாக்கியிருந்தது. அந்தச் சீலையை ஊறவைத்த தண்ணீர்தான் இரத்தம். விற்றவனைத் திட்டிக்கொண்டே ஊறவைத்தாள்.

கருப்பைதான் மல்லுக்கு நின்றது. முதலில் துணியில் தைத்தாள். இரண்டு தரம் வெட்டியதும் நார் நாராகப் போயிற்று. ஒரு முழம் சீலைக்குச் சனம் ஆலாய்ப் பறக்கிற நேரத்தில் வெட்டி எறிய அவளுக்கு மனம் வருமா? உழவு மெசின் ரியூப் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். தடித்த றப்பர். வெட்டினால், மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் பொருத்தி மறுநாள் திரும்பவும் வெட்டலாம். மயில்வாகனம் அதைக் கிள்ளிப் பார்த்தார். நல்ல உரம், கனநாள் பாவிக்கும் என்றார். யூலிற்றாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

எந்த நேரமும் பிள்ளைத்தாய்ச்சியாகவே கிடந்த அந்த வயிற்றுக்குத் தாதிமார் புஷ்பராணி என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் வெளிநோயாளர் போன பிறகு இரஞ்சிதம் வந்து புஷ்பராணியை வெட்டுவாள், பிள்ளையை எடுப்பாள், அடுக்கடுக்காகத் திரும்ப மூடுவாள். மயில்வாகனம் கதிரையில் இருந்து நேரம் பார்ப்பார். யூலிற்றா பக்கத்தில் நின்று சிவப்புத் தண்ணீர் ஊற்றுவாள். முதல்நாள் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. ஆடி முதல் கிழமையில் முப்பத்தைந்து நிமிடம். புஷ்பராணி அதற்குள் நாற்பத்தொரு பிள்ளை பெற்றுவிட்டாள். இரஞ்சிதத்தின் கை கத்தியை அழுத்திப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இழுக்கும். நாலாவது இழுவையில் றப்பர் வாய் திறக்கும். அந்த நாலு இழுவையும் அவளுக்கு நித்திரையிலும் வரும் என்ற அளவுக்குப் பழகிவிட்டது. இனித் தன் மகளுக்குப் பயமில்லை என்று யூலிற்றா கொன்ஸ்ரன்ரைனிடம் சொன்னாள்.

ஆடி பிறந்து ஒரு கிழமை. முத்தையன்கட்டில் இருந்து மீனம்மா என்ற பெண்ணை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் நோவு, பிள்ளை இறங்கவில்லை. மயில்வாகனம் பக்கத்தில் நின்றார், கத்தி இரஞ்சிதத்தின் கையில். மேல் அடுக்குகள் எல்லாம் ஒழுங்காகப் போயின. கருப்பையில் அவள் பழகியபடியே அழுத்தி முதல் இழுவை இழுத்தாள். அது நாலு இழுவைக்குக் காத்திருக்கவில்லை. முதல் இழுவையிலேயே திறந்து, கத்தி உள்ளே இருந்த பிள்ளையின் இடக் கன்னத்தில் ஓடியது.

தாய்க்கு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. பெண் பிள்ளை, வீரிட்டு அழுதது. கன்னத்தில் ஒன்றரை அங்குலக் காயம். மயில்வாகனம் நாலு தையல் போட்டார். இரஞ்சிதம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனவள், இனித் தான் கத்தி தொடுவதில்லை என்று அன்றே சொல்லிவிட்டாள்.

மயில்வாகனமும் மனம் தளர்ந்துபோனார். மறுநாள் யூலிற்றாவைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். ஆவணி கடைசிச் செவ்வாய்க்கிழமை செஞ்சிலுவைக்காரரின் வாகனம் நோயாளரை ஏற்றிக்கொண்டு மன்னார்ப் பக்கத்தால் சுற்றி, செட்டிகுளம் கடந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அதில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, ஆன்சலாவின் பெயரை எழுதவா என்று கேட்டார். யூலிற்றா ஓம் என்றாள். அப்படிச் சொன்னதற்காக அவளை யார் குறை சொல்ல முடியும்? பெற்ற வயிறு அல்லவா.

ஆனால் அன்று இரவுச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. மகளை நினைத்து அல்ல. பிரித்துப் பார்க்காத ஒரு முடிச்சு உள்ளே கிடந்து அரித்தது. நாற்பத்தொரு தரம் பிழைக்காத கை நாற்பத்திரண்டாவது தரம் ஏன் பிழைத்தது? காலையில் இரஞ்சிதத்தைத் தேடிப் போனாள். மருந்து அறைக்குள் குளிசை எண்ணிக்கொண்டிருந்தவளிடம், புஷ்பராணியில் எத்தனை இழுவை, மீனம்மாவில் எத்தனை இழுவை என்று கேட்டாள். இரஞ்சிதம் முகத்தைத் தூக்காமல், நாலு, ஒன்று என்றாள். யூலிற்றா அங்கிருந்து நேரே மயில்வாகனத்திடம் போனாள். கருப்பையின் தடிப்பு எவ்வளவு என்று வைகாசியில் கேட்டதையே திரும்பவும் கேட்டாள். அரை விரல் என்றுதானே அப்போது சொன்னீர்கள் என்றாள்.

அது நோவு காணாத கருப்பைக்கு என்றார் மயில்வாகனம். இரண்டு நாள் நோவு கண்டால் கருப்பையின் கீழ்ப்பக்கம் இழுபட்டு இழுபட்டுக் கடுதாசி மாதிரி மெலிந்துவிடும் என்றார். தன் கை அதைத் தொட்ட உடனே அறியும், அழுத்தாமல் தடவும், கடைசியில் கத்தியை விட்டு விரலால் திறக்கும். முப்பது வருடமாகக் கை செய்கிற வேலை, வாயால் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. யானைக்கும் அடி சறுக்கும். அவரே அதை ஒப்புக்கொண்டார்.

யூலிற்றாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கெட்டிக்காரி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, கிழியக் கூடாது, வீணாகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து உரமாக ஒரு கருப்பை செய்திருந்தாள். கிழியவேண்டிய சாமான் அது. நாற்பத்தொரு நாளும் அவளுடைய றப்பர்தான் இரஞ்சிதத்தின் கைக்கு அழுத்தச் சொல்லிக் கொடுத்தது. சிக்கனம் ஒரு பச்சைக் குழந்தையின் கன்னத்தில் போய் முடிந்திருக்கிறது. அவள் தையல் அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் வாட்டுக்குப் போனாள். மீனம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளையின் கன்னத்தில் பஞ்சு. யூலிற்றா கட்டிலடியில் நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டொக்டரம்மாவின் கையில் பிழை இல்லை, பழகக் கொடுத்த வயிறு பிழை, அதைத் தைத்தது நான். மீனம்மா எழும்பி இருந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"உங்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சி மகள் ஒண்டு இருக்காம். அவளை அந்த டொக்டரின்ரை கத்தியிலை விடுவியளோ?"

யூலிற்றாவின் கண் பிள்ளையின் கன்னத்துப் பஞ்சில் போய் நின்றது.

"விட்டால் வந்து சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு கதைப்பம்" என்றாள் மீனம்மா. பிள்ளையைக் காட்டக்கூட இல்லை.

அன்றிலிருந்து யூலிற்றா கடுதாசி மாதிரி ஒன்றைத் தேடித் திரிந்தாள். வாழைமடல் வெடித்தது. கோயில் திருநாளில் மிஞ்சிய பலூன் ஒன்று கிடைத்தது. கத்தி பட்டதும் அது போட்ட சத்தத்தில் வாட்டில் பாதிச் சனம் குண்டு என்று நினைத்துப் பங்கருக்குள் பாய்ந்தது. தலைமைத் தாதி அவளைக் கூப்பிட்டு வேறு ஏசினாள். நாலாம் நாள் கொன்ஸ்ரன்ரைன் ஒரு சினைத்திருக்கை கொண்டுவந்தான். குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து அதை வெட்டத் தொடங்கியவள், பாதியில் கத்தியைப் பிடித்தபடியே கையை நிறுத்திவிட்டாள்.

மற்ற மீன்களைப்போல் திருக்கை முட்டை இடாது, வயிற்றுக்குள்ளேயே ஒரு மெல்லிய பையில் குட்டி வைத்திருக்கும். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. சினைத்திருக்கை பட்டால், உள்ளே குட்டிகள் உயிரோடு இருந்தால், காயப்படாமல் எடுத்துக் கடலில் திரும்ப விடவேண்டும். குட்டியில் கத்தி பட்டால் அந்தக் கிழமை வலை வெறுமையாக வரும் என்பார்கள். அதனால் அங்கே பிறந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பையைத் திறக்கத் தெரியும். கத்தியைப் பட்டும் படாமலும் இரண்டு தரம் தடவி, பை பால்நிறமாக மினுங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நகத்தால் கீறி, இரண்டு விரலால் அகட்டுவார்கள். மயில்வாகனத்தின் கை முப்பது வருடமாகச் செய்ததை யூலிற்றாவின் கை முப்பத்தைந்து வருடமாகக் குசினிக்குப் பின்னால் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒருநாளும் அதை ஒரு வித்தை என்று அவள் நினைத்ததில்லை. அன்றைக்கு ஐந்து குட்டி. ஐந்தையும் வாளித் தண்ணீரில் விட்டுக் கொன்ஸ்ரன்ரைனிடம் கொடுத்துவிட்டு, பையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

இரஞ்சிதம் சாக்கைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்வரை பின்வாங்கினாள். பிறந்த நாள் தொட்டு மீன் தொடாத சைவம். இத்தனை பிரசவம் பார்த்தவள், கை அறுந்தவனுக்கும் கால் அறுந்தவனுக்கும் தையல் போட்டவள், ஒரு திருக்கைக்குப் பயந்து நின்றாள். வேறு நேரமாக இருந்தால் யூலிற்றா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"டொக்டர், என்ரை ரியூப்தான் உங்கடை கையைக் கெடுத்தது. நானே அதைத் திருத்தித் தாறன். நாத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ."

இரஞ்சிதம் அசையவில்லை. யூலிற்றா கெஞ்சவும் இல்லை. புஷ்பராணிக்குள் இருந்து ரியூப்பைக் கழற்றினாள். பொம்மையின் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கனிந்த தக்காளியை வைத்து, அதன்மேல் திருக்கைப் பையை இழுத்துக் கட்டினாள். கத்தியை எடுத்து இரண்டு தடவல், ஒரு நகக்கீறல், இரண்டு விரல். தக்காளி முழுசாக வெளியே வந்தது. பின்னால் நின்று பார்த்த மயில்வாகனம், "அதைத்தானே நானும் செய்யிறனான்" என்றார். இரஞ்சிதம் முகமூடியின்மேல் இன்னொரு முகமூடியும் கட்டிக்கொண்டு வந்து கத்தியை வாங்கினாள்.

பையைத் துண்டு துண்டாக்கிக் கட்டிப் பழகியதில் முதல்நாள் பதினொரு தக்காளி வெட்டுப்பட்டது. எல்லாம் வீண். மாலையில் அந்தத் தக்காளிகளில் வாட்டுக்குச் சொதி வைத்தார்கள், பைத் துண்டுகளை நாய்கள் இழுத்துக்கொண்டு போயின. ஒரு துண்டு ஒரு வெட்டுக்குத்தான், திரும்பத் தைக்கக் கூடாது என்று யூலிற்றா தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு துண்டை எறியும்போதும் அவளுடைய கை ஒருகணம் தயங்கும், பிறகு எறியும். கொன்ஸ்ரன்ரைன் களப்பெல்லாம் திருக்கை தேடினான். சினைத்திருக்கை கிடைக்காத நாளில் எந்தப் பெரிய மீனின் இரைப்பையும் உதவியது. இரண்டாம் கிழமை நாளுக்கு மூன்று தக்காளி வெட்டுப்பட்டது. ஆவணி பதினைந்துக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. மயில்வாகனம் பக்கத்தில் நிற்க, இரஞ்சிதம் இரண்டு தாய்மாருக்கு வெட்டிப் பிள்ளை எடுத்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அவள் தனியே வெட்டியது ஒருநாளும் இல்லை.

கடைசிச் செவ்வாய்க்கு முதல் நாள். வாகனத்தில் ஆன்சலாவின் பெயர் இருந்தது. உடுப்புப் பையும் கட்டியாயிற்று. யூலிற்றா பையைப் பார்ப்பதும் களப்பைப் பார்ப்பதுமாக இருந்தாள். மகளை அனுப்பினால் மகள் தப்புவாள். ஆனால் வயிறு தைத்தவளே தன் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டாள் என்ற கதை விடியுமுன் வன்னி முழுக்கப் போய்விடும். பிறகு எந்தத் தாய் இரஞ்சிதத்திடம் வருவாள்? இரஞ்சிதமே கத்தியை எடுப்பாளா? மகளை நிற்பாட்டி, ஏதும் பிழைத்துவிட்டால்? மாதாவிடம் கேட்டாள், மாதாவும் சொல்லவில்லை. கடைசியில் இது யாருடைய வயிறோ அவளிடமே கேட்பதுதான் முறை என்று எல்லாவற்றையும் ஆன்சலாவிடம் சொன்னாள். மீனம்மா கேட்ட கேள்வியையும் சேர்த்துத்தான்.

ஆன்சலாவும் தாயைப் போலத்தான், கணக்கு வேண்டும் அவளுக்கு. "கடைசி இருபதிலை எத்தினை தக்காளி தப்பினது?" என்று கேட்டாள்.

"இருபதும்."

ஆன்சலா கனநேரம் வயிற்றைத் தடவிக்கொண்டு இருந்தாள். "எனக்குப் பயம்தானம்மா. ஆனால் நான் நிக்கிறன். அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லுங்கோ" என்றாள்.

இருதய வருத்தக்காரி ஒருத்தி அந்த இடத்தில் ஏறிப் போனாள். அதே வாகனத்தில் மயில்வாகனமும் போனார். ஏறுமுன் இரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புரட்டாதி பதினெட்டு, காலை பத்து மணி. ஆன்சலாவுக்கு நோவு கண்டு ஆறு மணித்தியாலம். அவளை உள்ளே கொண்டு போனார்கள். தன் கையால் ஒட்டுப் போட்ட பச்சைச் சீலைகள் போவதைப் பார்த்தபடி யூலிற்றா வெளியே கிடந்த நீள மர வாங்கில் இருந்தாள். வாழ்நாள் முழுக்க உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டவள், அன்றைக்கு மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள். சற்றுப் பொறுத்து வாங்கு அசைந்தது. வாங்கின் மறு தொங்கலில் வந்து குந்தினவள் மீனம்மா, மடியில் பிள்ளை. தடுப்பூசிக்கு வந்தவளாம். ஊசி போட்டு முடிந்தும் அவள் போகவில்லை. வந்து சொல்லச் சொல்லியிருந்த விசயம் ஊருக்கே தெரிந்திருந்தது. சுவரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு பாதி அழிந்து கிடந்தது. யூலிற்றா அதையே திருப்பித் திருப்பி வாசித்தாள்.

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அவள் எழும்பவில்லை. அழுகை மட்டும் போதாது, மீனம்மாவின் பிள்ளையும் அழத்தானே செய்தது. பத்து நிமிடம் போயிற்று, தாயின் வயிற்றை மூடி முடித்துவிட்டுத்தானே இரஞ்சிதம் வரவேண்டும், அந்தப் பத்து நிமிடம் இருபதாகியது, முப்பதாகியது. பிறகுதான் கதவு திறந்தது. இரஞ்சிதம் தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் கலங்கியிருந்தன. யூலிற்றாவுக்கு முன்னால் நின்று பிள்ளையின் முகத்தை இடப்பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு வலப்பக்கம் திருப்பிக் காட்டினாள். "தாயும் சுகம், யூலிற்றாக்கா" என்றாள்.

யூலிற்றா பிள்ளையை வாங்கவில்லை. திரும்பி மீனம்மாவைப் பார்த்தாள்.

"விட்டனான்" என்றாள்.

மீனம்மா எழும்பி வந்து புதுப்பிள்ளையின் இரண்டு கன்னங்களையும் குனிந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் தோளில் கிடந்த பிள்ளையை எடுத்து யூலிற்றாவின் மடியில் கிடத்தினாள்.

"யதுர்ஷிகா எண்டு பேர் வைச்சிருக்கிறம். கொஞ்சம் வைச்சிருங்கோ, நான் தண்ணி குடிச்சிட்டு வாறன்."

பிள்ளையின் விரல்கள் அவளுடைய சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டன. இடக் கன்னத்தில் கோடு இளஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. யூலிற்றா அதில் விரலை வைத்தாள், திருக்கைப் பையில் வைப்பதுபோல், பட்டும் படாமலும். தையல் போட்ட இடங்களை எண்ணினாள். நாலும் இருந்தன.

"கதையுங்கோ அக்கா, அழமாட்டாள்" என்றாள் மீனம்மா, தண்ணீர்க் குடத்தடியில் நின்று.